ரத்தத்தைக் கழுவாதீர்கள்: சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மாநில சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பொறுப்பில் இருப்பவர்களுக்கும், மாவட்டம் தாலுகா என்று ஊர் ஊராகப் போய் முகாம் நடத்தும் வக்கீல்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் வணக்கம்.

நான் தென்மாவட்டம் ஒன்றில் கிரிமினல் வழக்கு நடத்துகிறவள். பெரும்பாலும் எதிரி தரப்பில், அதாவது குற்றம்சாட்டப்பட்டவர் தரப்பில், அதிலும் வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்காக ஆஜராகிறேன். உங்கள் முகாம்களுக்கு வந்திருக்கிறேன். ஜீவனாம்சம், விபத்து இழப்பீடு, லோக் அதாலத், போக்சோ, முதியோர் பராமரிப்பு எல்லாம் சொல்கிறீர்கள், நன்றாகவே சொல்கிறீர்கள். ஒன்றை மட்டும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தன் உயிரையோ உடம்பையோ காப்பாற்றிக்கொள்ள ஒருத்தி திருப்பி அடித்து, அடி வாங்கிய ஆள் அங்கேயே செத்துப்போனால், அடுத்த ஒரு மணி நேரம் அந்த வீட்டில் என்ன செய்யலாம், எதைத் தொடவே கூடாது?

இதெல்லாம் எங்கேயோ ஒன்று நடப்பது, இதற்கு ஒரு முகாமா என்று நினைக்கலாம். அபூர்வம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடக்கிற வீட்டில் அந்த ஒரு மணி நேரம்தான் மிச்ச வாழ்க்கையையே தீர்மானிக்கிறது, அந்த நேரத்தில் அங்கே வக்கீலும் இருக்க மாட்டார், போலீஸும் இருக்காது. இருப்பது மாமியார், பக்கத்து வீட்டுக்காரர், சித்தப்பா, பங்காளி. அவர்களுக்குத்தான் நீங்கள் சொல்லியாக வேண்டும்.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். பெயர், ஊர், வருஷம் எதுவும் சொல்ல மாட்டேன், ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் விட்டுவிடுகிறேன். புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. வீட்டில் அவளும் பிள்ளையும். மாமியார் இரண்டு வீடு தள்ளி மகள் வீட்டில் படுத்திருந்தார். நடு ராத்திரி, அதே தெருக்காரன் ஒருவன், குடித்தவன், பின்கதவை உதைத்து உள்ளே வருகிறான். தாழ்ப்பாள் பிய்ந்து விழுகிறது. கையில் அருவாள். அவளைப் பிடித்து இழுத்ததில் ஜாக்கெட் கிழிகிறது, வளையல் நொறுங்குகிறது, தோளில் கடிக்கிறான். அடுப்படியில் கைக்கு எட்டியது அம்மிக் குழவி. அடித்தாள். அவன் அடுப்புக்குப் பக்கத்திலேயே விழுந்துவிட்டான்.

சத்தம் கேட்டு மாமியார் வருகிறார், சொந்தக்காரர்கள் நாலு பேர் வருகிறார்கள். அந்த நேரத்தில் ஒருவர் வாயிலும் "போலீஸைக் கூப்பிடு" என்ற பேச்சு வரவில்லை. "விடிஞ்சா ஊர் பார்க்கும்" என்பதுதான் எல்லார் வாயிலும். கிழிந்த ஜாக்கெட் அடுப்பில் போனது. வளையல் துண்டுகளைக் கூட்டி அள்ளினார்கள். தரையில் தண்ணீர் ஊற்றிக் கழுவி, அதன் மேல் சாணி போட்டு மெழுகினார்கள். அவனுடைய அருவாள் கிணற்றுக்குள் போனது. உடம்பைத் தூக்கிக் கொண்டுபோய்க் கண்மாய்க் கரையில் போட்டார்கள், குடித்துவிட்டுக் கல்லில் விழுந்து செத்தான் என்று ஊர் நினைத்துக்கொள்ளட்டும் என்று. அவளைத் தலையோடு குளிக்க வைத்தார்கள். பின்கதவு ஆடிக்கொண்டிருக்கிறதே என்று கொழுந்தன் விடிவதற்குள் ஒரு புதுத் தாழ்ப்பாளும் முடுக்கிவிட்டார்.

இரண்டு நாளில் போலீஸ் அந்த வீட்டுக்கு வந்துவிட்டது. வராமல் இருக்குமா? சம்பவ இடத்தில் பார்த்ததைப் பார்வை மகஜர் என்று எழுதினார்கள், வி.ஏ.ஓ.வும் தலையாரியும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். அந்த மகஜரில் ஒரு வரி: "பின்பக்கக் கதவு தாழ்ப்பாளுடன் நல்ல நிலையில் உள்ளது." அந்த வரியை நான் எத்தனை தடவை படித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அவன் கதவை உடைத்துக்கொண்டு வந்தான் என்பதற்கு அந்த வீட்டிலிருந்த ஒரே சாட்சி அந்தப் பிய்ந்த தாழ்ப்பாள்தான். அதைக் கழற்றிப் புதுசு போட்டது அவள் மேல் அக்கறை உள்ள ஒரு கை.

யோசித்துப் பாருங்கள், அங்கே மறைக்கப்பட்டது எது? உடம்பு மறுநாளே கிடைத்துவிட்டது, மண்டையில் அடி என்று பிரேதப் பரிசோதனையில் வந்துவிட்டது. கொலை மறையவே இல்லை. மறைந்தது எல்லாம் அவள் ஏன் அடித்தாள் என்பதற்கான அடையாளங்கள்: கிழிந்த துணி, உடைந்த வளையல், அவன் கொண்டு வந்த அருவாள், பிய்ந்த தாழ்ப்பாள், தோளில் பல் பட்ட தடம். பெண்பிள்ளை மானம் போய்விடும் என்று நம் ஆட்கள் முதலில் அழிப்பது இவற்றைத்தான். இவை போய்விட்டால் மிச்சம் இருப்பது ஒரு பிணமும் ஒரு குழவியும். அதை வைத்து எழுதக்கூடிய கதை ஒன்றே ஒன்று.

அவள் முதல் எதிரி. மாமியார் இரண்டாம் எதிரி, தடயத்தை அழித்ததற்காக. கீழ்க்கோர்ட்டில் இரண்டு பேருக்கும் தண்டனை ஆனது. மேல்முறையீடு நிலுவையில் இருப்பதால் தீர்ப்பைப் பற்றி இதற்கு மேல் பேச மாட்டேன்.

சட்டம் உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் இந்த மடலை மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா இருக்கிறது. பிரிவு எண்கள் மாறினவே தவிர தற்காப்புச் சட்டம் பெரும்பாலும் பழையதுதான். தற்காப்பு உரிமையைப் பயன்படுத்திச் செய்த எதுவும் குற்றமே ஆகாது என்கிறது பிரிவு 34. பழைய 100, இப்போதைய 38, எந்தெந்த நேரத்தில் அந்த உரிமை எதிராளியின் உயிரை எடுக்கும் அளவுக்குப் போகலாம் என்று சொல்கிறது: உயிர் போகும் என்ற நியாயமான பயம், கொடுங்காயம் ஏற்படும் என்ற பயம், பாலியல் வன்புணர்ச்சி, இயற்கைக்கு மாறான பாலியல் தாக்குதல், கடத்தல், வெளியே உதவி கேட்க முடியாதபடி அடைத்து வைப்பது, ஆசிட் வீச்சு. கடைசியாகச் சொன்னது 2013இல் சேர்ந்தது. தன்னைக் காப்பாற்ற மட்டும் இல்லை, இன்னொருவரைக் காப்பாற்றவும் இந்த உரிமை உண்டு.

எல்லையும் உண்டு. தேவைக்கு மேல் அடிக்கக் கூடாது, ஆபத்து விலகிய பிறகு துரத்திப்போய் அடிக்கக் கூடாது. நல்லெண்ணத்தோடுதான், ஆனால் எல்லை தாண்டி அடித்துவிட்டாள் என்று கோர்ட் நினைத்தால் கொலை என்பது கொலையாகாத மரணம் விளைவித்தல் என்று குறையும், விடுதலை கிடைக்காது. ஆக, அவன் முன்னால் வந்தானா, ஓடிக்கொண்டிருந்தானா, விழுந்தது வீட்டுக்குள்ளா வெளியிலா, ஒரு அடியா பத்து அடியா, இந்தக் கேள்விகளில்தான் முழு வழக்கும் நிற்கிறது. இப்போது சொல்லுங்கள், அடுப்படியில் விழுந்தவனைக் கண்மாய்க் கரைக்குத் தூக்கிக்கொண்டு போனால் என்ன ஆகும்? அரசு வக்கீல் எழுந்து, "வெளியில் போனவனைத் துரத்திப்போய் அடித்திருக்கிறாள்" என்பார். இல்லை, வீட்டுக்குள்தான் என்று நாங்கள் சொன்னால், "அப்படியானால் ஏன் தூக்கிப் போட்டீர்கள்?" என்பார். இரண்டு பக்கமும் அடி.

தற்காப்பு என்று சொல்வதை எதிரி தரப்புதான் காட்ட வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் பிரிவு 105, இப்போதைய பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 108. சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, அப்படி நடந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும் என்று உச்ச நீதிமன்றம் பல தடவை சொல்லிவிட்டது. 2010இல் தர்ஷன் சிங் வழக்கில் தற்காப்பு பற்றிய கோட்பாடுகளை வரிசையாகவே எழுதி வைத்தார்கள், ஆபத்தில் சிக்கியவர் எவ்வளவு பலத்தோடு அடிக்க வேண்டும் என்று அந்த நேரத்தில் அளந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பதும் அதில் இருக்கிறது. சட்டம் இவ்வளவு இடம் கொடுக்கிறது. ஆனால் வாய்ப்பு அதிகம் என்று காட்டக்கூட ஏதாவது ஒன்று கையில் வேண்டுமே? இரண்டு பேர் இருந்த இடத்தில் ஒருவன் செத்துவிட்டான். அவள் சொல்வதற்குத் துணையாக நிற்பது அந்த அறையும், அவள் உடம்பும், அவன் உடம்பும்தான்.

அப்புறம் நியாய சன்ஹிதாவின் பிரிவு 238, பழைய தண்டனைச் சட்டத்தில் 201. குற்றம் ஒன்று நடந்திருக்கிறது என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ, குற்றவாளியைத் தப்பவைக்கும் எண்ணத்தில் தடயத்தை மறைத்தால், மூலக் குற்றம் மரண தண்டனைக்குரியதாக இருக்கிற பட்சத்தில் ஏழு வருஷம் வரை சிறை. சட்டப் புத்தகத்திலேயே உதாரணம் கொடுத்திருக்கிறார்கள்: ஒருவன் கொலை செய்துவிட்டான் என்று தெரிந்து, அவனைக் காப்பாற்ற உடம்பை மறைக்க உதவுகிறவனுக்கு ஏழு வருஷம் வரை. உடம்பைத் தூக்கப் பிடித்த சித்தப்பா, துணியை எரித்த அத்தை, கிணற்றில் அருவாளைப் போட்ட தம்பி எல்லாரும் இதற்குள் வருவார்கள். அடித்தவர் மேலேயே இந்தப் பிரிவையும் சேர்க்கலாம், சேர்க்கிறார்கள்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, வக்கீல்கள் இதைப் பிடித்துக்கொண்டு வாதாடுவோம். குற்றம் நடந்தது என்று நிரூபணமானால்தான் 201 நிற்கும். 1952இல் பஞ்சாபிலிருந்து வந்த ஒரு வழக்கில், புருஷனின் உடம்பைப் பெட்டியில் வைத்துக் கிணற்றில் போட்டதாகக் குற்றம்சாட்டப்பட்ட பெண்ணை, அந்த மரணம் ஒரு குற்றத்தால் வந்தது என்றே நிரூபிக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் விடுவித்தது. தற்காப்பு என்று ஏற்றுக்கொண்டால் குற்றமே இல்லை, குற்றம் இல்லாதபோது எந்தக் குற்றத்தின் தடயத்தை அழித்தார்கள்? கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? ஆனால் அந்த இடத்துக்குப் போக முதலில் தற்காப்பை ஏற்க வைக்க வேண்டும், ஏற்க வைக்கத் தேவையான தடயம்தான் அழிந்துபோனது. இந்த வாதத்தை நம்பி யாரும் ஒரு குடம் தண்ணீரைக்கூடத் தரையில் ஊற்றிவிட வேண்டாம்.

நடத்தை என்று ஒன்று இருக்கிறது. சம்பவத்துக்கு முன்னும் பின்னும் ஒருவர் எப்படி நடந்துகொண்டார் என்பதைக் கோர்ட் பார்க்கலாம். "தப்பே செய்யாதவள் ஏன் கழுவினாள், ஏன் ஒளிந்தாள்?" என்ற கேள்வி என் காதில் விழாத விசாரணை இல்லை. பயத்தில் நிரபராதியும் ஓடுவான், ஓடியது மட்டுமே குற்றத்துக்கு ஆதாரம் ஆகாது என்று தீர்ப்புகள் இருக்கின்றன, எடுத்துக் காட்டுவோம். தீர்ப்பை எடுத்துக் காட்டலாம், அந்தக் கேள்வி நீதிபதி மனதில் விழுந்த பிறகு எடுக்க முடிவதில்லை.

கழுவினால் எல்லாம் போய்விடும் என்று ஜனங்கள் நம்புகிறார்கள். போகாது. தரை வெடிப்பிலும் சுவர் ஓரத்திலும் வாசல்படி இடுக்கிலும் ரத்தம் தங்கும், தடய அறிவியல்காரர்கள் ரசாயனம் தெளித்துக் கண்டுபிடிப்பார்கள். ரத்தம் இருந்தது என்பது கழுவினாலும் தெரியும்; எப்படி விழுந்தது, எங்கே சொட்டியது, எந்தத் திசையில் தெறித்தது என்பதுதான் கழுவினால் போகும். அவளுக்கு வேண்டியது இரண்டாவது. உடம்பும் அப்படித்தான். செத்த பிறகு ரத்தம் உடம்பின் அடிப்பக்கத்தில் இறங்கித் தேங்கும், சில மணி நேரத்தில் அந்த நிறம் அங்கேயே நிலைத்துவிடும். மல்லாந்து கிடந்தவனை நேரம் கழித்துக் குப்புறப் போட்டால் டாக்டர் முதுகைப் பார்த்தே இது இடம் மாற்றிய உடம்பு என்று எழுதிவிடுவார். அவள் உடம்பும் ஒரு தடயம் என்பதை ஒருவரும் யோசிப்பதில்லை. நகத்தடி, கடித்த இடம், கீறல், கழுத்தில் பிடித்த தடம். எதிரி உடம்பில் இருக்கும் காயத்துக்கு அரசுத் தரப்பு விளக்கம் தராவிட்டால் அவர்கள் கதையே சந்தேகத்துக்கு உள்ளாகும் என்று 1976இல் லட்சுமி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் காயம் பதிவாகியிருக்க வேண்டும். நான் சொன்ன அந்தப் பெண் மூன்றாம் நாள் ஆண் டாக்டர் முன்னால் நின்றபோது தோளைக் காட்டவே இல்லை.

இன்னொன்று, இதைவிட மோசமானது. "அவன் கையில் ஒரு கத்தியை வை" என்று யோசனை சொல்ல ஒவ்வொரு ஊரிலும் ஒரு ஆள் இருப்பார். உண்மையிலேயே தற்காப்பாக இருந்தாலும் கதையைக் கொஞ்சம் பலப்படுத்தலாமே என்று நல்லெண்ணத்தில்தான் சொல்வார். அது பொய்ச் சாட்சியம் உருவாக்குவது, பிரிவு 228, 229. கோர்ட் நடவடிக்கையில் பயன்படுத்துவதற்காகச் செய்தால் ஏழு வருஷம் வரை தண்டனை. தண்டனை ஒரு பக்கம் இருக்கட்டும், கைப்பிடியில் ரத்தம் இருந்து உள்ளங்கையில் இல்லை என்றோ, அந்தக் கத்தி இந்த வீட்டுக் கத்தி என்றோ ஒரு சின்னப் பொருத்தமின்மை வெளியே வந்தால் அவள் சொன்ன உண்மையும் சேர்ந்து பொய்யாகிவிடும். இதேபோலத்தான் தங்கைக்குப் பதிலாக அண்ணன் போய் சரண்டர் ஆவதும். அண்ணனை யாரும் தாக்கவே இல்லையே, அவன் எதிலிருந்து தற்காத்தான்?

இப்போது நீங்கள் கேட்க நினைப்பதை நானே கேட்டுவிடுகிறேன். போலீஸைக் கூப்பிடு என்று ஜனங்களிடம் சொல்லிவிட்டால் போதுமா? 2020இல் சாத்தான்குளத்தில் அப்பாவும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டுச் செத்ததை யாரும் மறக்கவில்லை, அதற்கு முன்னும் பின்னும் நடந்தவை அந்தந்த ஊருக்குத் தெரியும். ஸ்டேஷன் என்றால் நடுங்குகிற மாமியாரைப் பார்த்து "நீ ஏன் உடனே போன் பண்ணவில்லை" என்று கேட்கிற தகுதி நம் அமைப்புக்கு முழுசாக இல்லை. அதனால்தான் இந்த மடலை போலீஸுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஆனால் சரியாக நடந்ததும் இதே தமிழ்நாட்டில்தான். 2012இல் மதுரையில், தன் மகளிடம் தவறாக நடக்க முயன்ற புருஷனை கிரிக்கெட் மட்டையால் அடித்துக் கொன்ற பெண்ணை, அப்போது எஸ்.பி.யாக இருந்த அஸ்ரா கார்க் பிரிவு 100ஐச் சொல்லி விடுவித்தார். கொலை வழக்கில் எஸ்.பி. ஒருவர் அப்படி முடிவெடுப்பது அன்றைக்கு எங்கள் பார் அசோசியேஷன் ரூமில் பெரிய பேச்சாக இருந்தது. 2021 ஜனவரியில் திருவள்ளூர் மாவட்டம் சோழவரம் பக்கம், கத்தியைக் காட்டி வன்புணர்ச்சிக்கு முயன்ற ஆளிடமிருந்து அந்தக் கத்தியையே பிடுங்கிக் குத்திய 19 வயதுப் பெண், தானே காவல் நிலையம் போய் நடந்ததைச் சொன்னார். விசாரித்துவிட்டு அவரையும் அதே பிரிவில் விடுவித்தார்கள். அந்தப் பெண்ணைச் சுற்றி அன்றைக்கு அக்கறையான சொந்தக்காரர்கள் நாலு பேர் வாளியோடு வந்து நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது.

பயத்தைக் குறைக்கிற விஷயங்கள் சட்டத்தில் இருக்கின்றன, ஜனங்களுக்குத்தான் தெரியவில்லை. சூரியன் மறைந்து உதிக்கும் வரை பெண்ணைச் சாதாரணமாகக் கைது செய்யக் கூடாது, தவிர்க்க முடியாத நேரத்தில் பெண் அதிகாரி மாஜிஸ்ட்ரேட் அனுமதியோடுதான் செய்ய வேண்டும். போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை அவளுக்கு எதிரான சாட்சியமாகப் பயன்படுத்த முடியாது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. கைது செய்து விசாரிக்கும்போது வக்கீலைச் சந்திக்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்த பிறகு ஏழு வருஷமும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே வந்து தடயம் எடுத்து வீடியோ பதிவும் செய்ய வேண்டும் என்று பிரிவு 176 சொல்கிறது. மாநிலங்கள் இதைப் படிப்படியாகக் கொண்டுவர அவகாசமும் கொடுத்திருக்கிறது. தேடுதலையும் கைப்பற்றுதலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது 105. இது எதிரிக்கு எதிரான ஆயுதம் என்று எங்கள் ஆட்களே சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பின்கதவை அன்றைக்கே வீடியோ எடுத்திருந்தால் என் கட்சிக்காரருக்கு வேறு என்ன வேண்டும்?

வி.ஏ.ஓ. விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் பயந்தவர்கள் போலீஸுக்குப் பதிலாக வி.ஏ.ஓ.விடம் போகிறார்கள், அல்லது போனதாகக் காகிதம் வருகிறது. போலீஸிடம் கொடுத்தால் செல்லாத ஒப்புதல் வாக்குமூலம் வி.ஏ.ஓ.விடம் கொடுத்தால் போலீஸ் காவலுக்கு வெளியே கொடுத்தது என்று கோர்ட்டில் வந்து நிற்கும். அதில் "நான்தான் அடித்தேன்" இருக்கும், "அவன் கதவை உடைத்துக்கொண்டு வந்தான்" இருக்காது. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் யாரும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டாம் என்று முகாமில் சத்தமாகச் சொல்லுங்கள்.

எங்கள் தொழிலிலும் ஒரு பழக்கம் இருக்கிறது, அதையும் உங்கள் பேனல் வக்கீல்களிடம், அதாவது இலவச உதவிக்கு நீங்கள் நியமிக்கும் வக்கீல்களிடம், பேச வேண்டும். முன்பு நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 313, இப்போது சுரக்ஷா சன்ஹிதாவில் 351 என்று நீதிபதி நேரடியாக எதிரியைக் கேள்வி கேட்கும் கட்டம் வரும்போது "பொய் வழக்கு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடச் சொல்லிக் கொடுக்கிறோம். தற்காப்பு வழக்கில் இது தற்கொலைக்குச் சமம். எதிரி வாய் திறந்து சொல்லாவிட்டாலும் ஆவணத்தில் இருப்பதை வைத்துத் தற்காப்பைக் கோர்ட் பார்க்கலாம் என்று 1968இல் முன்ஷி ராம் வழக்கிலேயே சொல்லியிருக்கிறார்கள், சரி. ஆனால் ஒரு பக்கம் "நான் அங்கேயே இல்லை", இன்னொரு பக்கம் "தற்காப்புக்காக அடித்தேன்" என்று இரண்டையும் ஒரே வாயில் வைத்தால் யார் நம்புவார்கள்?

சரி, நான் கேட்பது என்ன? முதலில், முகாம் பேச்சில் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தில் பிரிவு எண் ஒன்றுகூட வேண்டாம். இப்படிச் சொன்னால் போதும்: விழுந்து கிடப்பவனுக்கு உயிர் இருந்தால், இருக்கலாம் என்று தோன்றினாலும், முதலில் 108. காப்பாற்றுவதற்காகத் தூக்கினால் அது தடயத்தை அழிப்பது ஆகாது, எங்கிருந்து தூக்கினோம் என்று மட்டும் ஞாபகம் வைத்துச் சொல்லுங்கள். அப்புறம் போலீஸுக்கு 112. போனில் நீளமாகப் பேச வேண்டாம், யார், எந்த இடம், அவன் வந்து தாக்கினான், இங்கே விழுந்து கிடக்கிறான், அவ்வளவுதான். மற்றதை வக்கீல் வந்த பிறகு பேசிக்கொள்ளலாம். அறையை விட்டு வெளியே வந்து கதவைச் சாத்திவிடுங்கள். தரையைத் துடைக்க வேண்டாம், உடைந்ததை அள்ள வேண்டாம், ஆயுதம் யாருடையதாக இருந்தாலும் கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும். அவள் குளிக்க வேண்டாம், உடுத்திய துணியை மாற்ற வேண்டாம், குளிராக இருந்தால் மேலே ஒரு போர்வை போடுங்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் கழற்றியதைத் துவைக்காமல் காகிதத்தில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்தால் ஈரம் தங்கிக் கெட்டுவிடும். காயத்தைப் பெண் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று கேட்கலாம் என்பதைச் சொல்லுங்கள். தீட்டு கழிப்பது எல்லாம் போலீஸ் வேலை முடிந்த பிறகு.

ஏற்கெனவே கழுவிவிட்டார்கள் என்றால்? அதற்கும் பதில் சொல்லுங்கள். இனிமேல் எதையும் தொடாதீர்கள், அள்ளிய குப்பையைத் தூக்கி எறியாதீர்கள், எரித்த அடுப்பின் சாம்பலைக்கூட அப்படியே விடுங்கள், யார் என்ன செய்தார்கள் என்பதை வக்கீலிடம் ஒன்று விடாமல் சொல்லுங்கள். கழுவியதை மறைக்க இரண்டாவதாக ஒரு பொய் சேரும்போதுதான் மீட்கவே முடியாத நிலை வருகிறது. பயத்தாலோ வெட்கத்தாலோ செய்தார்கள், குற்றவாளியைத் தப்பவைக்கும் எண்ணம் இல்லை என்று வாதாட இடம் இருக்கிறது, உண்மை முழுசாகக் கையில் இருந்தால்.

இரண்டாவது, 15100. இலவச சட்ட உதவி எண் என்று சுவரொட்டியில் போடுகிறோம். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு மாமியார் அதை அழைத்தால், அந்தந்த மாவட்டத்தில் கிரிமினல் வழக்கு தெரிந்த ஒரு வக்கீலுடைய குரல் கேட்க வேண்டும், முடிந்தால் பெண் வக்கீல். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி என்று 1987ஆம் வருஷச் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் பிரிவு 12 ஏற்கெனவே சொல்கிறது. கைதுக்கு முன்பிருந்தே, ஸ்டேஷன் கட்டத்திலேயே வக்கீல் உதவி கிடைக்க வேண்டும் என்று தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு 2019இல் நெறிமுறையே கொடுத்திருக்கிறது. புதிதாக எதுவும் கேட்கவில்லை, காகிதத்தில் இருப்பதை ராத்திரிக்கும் நீட்டச் சொல்கிறேன். முறை வைத்து வரச் சொன்னால் வருவதற்கு எங்கள் பாரில் ஆட்கள் இருக்கிறார்கள்.

மூன்றாவது, வி.ஏ.ஓ., தலையாரி, ஊராட்சித் தலைவர், ஆஷா பணியாளர், சுய உதவிக்குழுத் தலைவி, அங்கன்வாடி அம்மா. சம்பவம் நடந்த வீட்டுக்கு முதலில் போகிறவர்கள் இவர்கள்தான். தனியாக ஒரு அரைநாள் வகுப்பு இவர்களுக்கு வேண்டும்.

நான்காவதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனால் மற்ற மூன்றும் இது இல்லாமல் நடக்காது. குடும்பம் அந்தத் துணியை எரிப்பது வெட்கத்தால். நாளைக்குப் பேப்பரில் பெயர் வரும், கோர்ட்டில் எல்லார் முன்னாலும் கேட்பார்கள் என்ற பயத்தால். வன்புணர்ச்சிக்கு ஆளானவருடைய பெயரை வெளியிடக் கூடாது என்று நியாய சன்ஹிதாவில் பிரிவு 72 இருக்கிறது, அந்த வழக்குகளை மூடிய அறையில் நடத்த வேண்டும் என்றும் இருக்கிறது. ஆனால் தாக்கியவன் செத்துவிட்டால் இது கொலை வழக்கு, அவள் எதிரி, அவள் பெயரும் புருஷன் பெயரும் தெருப் பெயரும் எல்லா இடத்திலும் வரும், விசாரணை திறந்த கோர்ட்டில் நடக்கும். அவளும் பாலியல் தாக்குதலுக்கு ஆளானவள்தானே? இப்படிப்பட்ட வழக்குகளில் முதல் நாளே பெயரை மறைக்கவும், அவள் சாட்சியத்தை மூடிய அறையில் எடுக்கவும் மனு போட வேண்டும் என்று உங்கள் பேனல் வக்கீல்களுக்கு அறிவுறுத்துங்கள். விசாரணையை அப்படி நடத்த நீதிபதிக்கு அதிகாரம் இருக்கிறது, கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. பெயர் வராது என்று உறுதியாகச் சொல்ல முடிந்த அன்றைக்கு அந்த ஜாக்கெட் அடுப்புக்குப் போகாது.

பத்து நிமிஷப் பேச்சுக்கு வேண்டியதை எழுதி வைத்திருக்கிறேன், இரண்டு பக்கம், பேச்சு வழக்கில். எந்த மாவட்டத்திலிருந்து கேட்டாலும் அனுப்புகிறேன், தென்மாவட்டங்களில் ஞாயிற்றுக்கிழமை முகாம் என்றால் நானே வந்து பேசுகிறேன். அடுத்த காலாண்டு முகாம் அட்டவணை தயாராகும்போது இந்தத் தலைப்பையும் அதில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
எதிரி தரப்பில் ஆஜராகும் ஒரு வக்கீல்